‘9 எம்.எம்.தானே’ என்று வாங்கிவிடாதீர்கள்

வாசகர் எழுதியது

42 வயது வாசகர் ஒருவரின் கடிதம் இது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் இரண்டையும் எடுத்துவிட்டேன். மூன்று ஆண்டுகளாகத் துப்பாக்கி சுடும் மன்றத்தில் .22 பிஸ்டலில் பழகிவருகிறார். உரிமம் இருக்கிறது. இப்போது அவருக்கு ஒரு மகரோவ் பிஸ்டல் விலைக்கு வந்திருக்கிறது. ராணுவம் கழித்துவிட்ட சரக்கு. மேலே நல்ல பளபளப்பு. கூடவே பழைய காகிதப் பொட்டலங்களில் 200 தோட்டாக்களையும் இலவசமாகத் தருவதாக விற்பவர் சொல்கிறார். “அது தீர்ந்துவிட்டால் கடையில் கிடைக்கும் எந்த 9 எம்.எம். தோட்டாவும் போடலாம், ராணுவத்துக்குச் செய்தது, எதையும் தாங்கும்” என்றும் சொல்லியிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் வாசகர் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “வீட்டில் 9 வயது மகன் இருக்கிறான். சேஃப்டி போட்டு, தோட்டாவுடன் கட்டில் அருகே வைத்துக்கொண்டால் தற்காப்புக்கும் ஆகும் அல்லவா?”

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கைத்துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பதே என் தொழில். மகரோவ் எனக்குப் பிடித்த பிஸ்டல் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோவியத் ராணுவம் 1951-இல் ஏற்றுக்கொண்டது. உள்ளே பாகங்கள் மிகக் குறைவு. சுத்தம் செய்வதற்காகக் கழற்றவும் மாட்டவும் கருவி எதுவும் வேண்டாம். நன்றாகப் பராமரித்தது உங்கள் கையில் கிடைத்தால் உங்கள் மகன் பெரியவனாகும் காலத்திலும் சுடும். ஆகவே உங்கள் ஆசையைத் தடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் விற்பவர் சொன்னதில் ஒன்று உங்கள் விரல்களையே எடுத்துவிடக்கூடியது. அதை முதலில் பேசிவிடுவோம்.

எந்த 9 எம்.எம்.?

9 எம்.எம். என்பது ஒரே தோட்டாவின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. மகரோவுக்கு உரியது 9×18. மி.மீ. கணக்கில் முதல் எண் குண்டின் விட்டத்தை ஒட்டியது, இரண்டாவது வெடிமருந்து இருக்கும் கூட்டின் நீளம். கடைகளில் அதிகம் கிடைப்பது 9×19, அதாவது பாராபெல்லம் அல்லது லூகர் என்று சொல்வது. .380 என்று விற்பது 9×17. இதற்கே ‘குர்ட்ஸ்’, ‘கோர்ட்டோ’ என்ற பெயர்களும் உண்டு. இது போதாதென்று ஜெர்மானியர் செய்த 9×18 அல்ட்ரா என்று வேறொன்றும் இருக்கிறது. கூட்டின் நீளம் மகரோவுக்கு உள்ளதுதான், ஆனால் குண்டின் விட்டம் வேறு.

வித்தியாசம் எவ்வளவு? மகரோவ் குண்டின் விட்டம் 9.27 மி.மீ. பாராபெல்லம் குண்டு 9.03 மி.மீ. அளவில்தான் இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத அளவு. அழுத்தத்தில்தான் பெரிய இடைவெளி. ஐரோப்பிய அளவுகோலின்படி 9×18 மகரோவுக்கு உச்ச அழுத்தம் 160 மெகாபாஸ்கல், 9×19-க்கு 235. மகரோவில் பேரலையும் (குண்டு போகும் குழாய்) ஸ்லைடையும் (ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் போய்வரும் மேல்பாகம்) பூட்டிப் பிடிக்கும் அமைப்பு கிடையாது. சுடும்போது தோட்டாக்கூட்டைப் பின்னால் தாங்கி நிற்பது ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் மட்டும்தான். அந்த இரண்டையும் கணக்கிட்டது 160-க்கு. 9×19 நீளம் கூடியது என்பதால் பெரும்பாலும் முழுதாக உள்ளே போகாது. போகவில்லையே என்று ஸ்லைடைத் தட்டி அடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

.380-ஐப் போட்டால் அது உள்ளே லொடலொடவென்று நிற்கும். வெடிக்கவும் கூடும். கூடு பிளக்கும், குண்டு பேரலுக்குள் இருக்கும் சுழல் புரியைப் பிடிக்காமல் கண்ட இடத்துக்குப் போகும். “என் நண்பர் போட்டார், ஒன்றும் ஆகவில்லை” என்று யாராவது சொன்னால் அவர் நண்பருக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல்: பிஸ்டலின் பெயரை வைத்தும் முடிவு செய்ய முடியாது. இதே மகரோவ் உருவத்தில் வெளிச்சந்தைக்காக .380 தோட்டாவுக்குச் செய்தவை இருக்கின்றன. ராணுவத்துக்காகச் செய்தவற்றில் தயாரித்த ஆலையின் முத்திரையும் வரிசை எண்ணும் இருக்கும், காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா என்பது, பெரும்பாலும் பொறித்திருக்காது. பிற்பாடு இறக்குமதி செய்தவரோ அரசுச் சோதனைச்சாலையோ பொறித்திருந்தால் அதுதான் உங்களுக்கு ஆதாரம். அப்படி எதுவும் இல்லை என்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து பேரலின் உள்விட்டத்தையும் தோட்டா உட்காரும் அறையையும் அளக்கச் சொல்லுங்கள். அதிக நேரம் எடுக்கும் வேலை இல்லை.

அளக்கச் சொல்வதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. மகரோவின் அச்சில் செய்த கேஸ் பிஸ்டல்கள் உண்டு. கண்ணீர்ப்புகையும் வெற்றுத் தோட்டாவும் சுடுவதற்கு. அவற்றைத் திருத்தி உண்மையான குண்டு சுடும்படி மாற்றி, ராணுவச் சரக்கு என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இரும்பும் பேரலும் இந்த வேலைக்குச் செய்தவை அல்ல. வைத்திருப்பதும் குற்றமாகிவிடும். சந்தேகம் வந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

பளபளப்பை நம்பலாமா?

நீங்கள் எழுதியதில் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது அந்தப் பளபளப்பு. ராணுவக் கிடங்கில் 40 ஆண்டுகள் கிடந்த பிஸ்டல் புதிது போல் மின்னினால், அதைத் தீட்டி மறுபடி நிறம் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அதில் தவறு இல்லை, ஆலைகளே செய்வதுண்டு. ஆனால் நிறம் ஏற்றுவதற்கு முன் துருவைத் தேய்த்திருப்பார்கள். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா, நிறத்துக்குக் கீழே அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரிகின்றனவா என்று சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். பிடி மூடியைக் கழற்றினால் உண்மை தெரியும். வியர்வை தங்குவது அங்கேதான், தீட்டுபவர் கை போகாத இடமும் அதுதான். சட்டகத்தில் (பிடியும் விசையும் உள்ள அடிப்பாகம்) இருக்கும் எண்ணும் ஸ்லைடில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு வேறாக இருந்தால் இரண்டு பிஸ்டலின் பாகங்களைச் சேர்த்தது. அப்படியும் நன்றாகச் சுடலாம், ஆனால் விலை குறைய வேண்டும், உரிமத்தில் எந்த எண்ணைப் பதிவது என்ற கேள்வியும் வரும்.

நிறத்தைவிட எனக்கு முக்கியம் பேரல். மகரோவில் பேரலைச் சட்டகத்தில் அழுத்திச் செருகி, ஆணி அடித்து நிறுத்தியிருப்பார்கள். பல பிஸ்டல்களில் போலக் கையால் உருவி எடுத்து வேறு மாற்ற முடியாது. ஆகவே பேரல் கெட்டிருந்தால் பிஸ்டலே கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடைக் கழற்றியபின், பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் காட்டி முன்பக்கமாகப் பாருங்கள். புரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். அங்கங்கே கருப்பாக இருந்தால் ஒரு முறை துடைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள், அழுக்கு என்றால் போய்விடும், அரிப்பு என்றால் அப்படியே இருக்கும். லேசான அரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். நடுவில் நிழல் வளையம் ஒன்று தெரிந்தால் மட்டும் பொறுக்காதீர்கள். உள்ளே ஒரு குண்டு சிக்கியிருக்கும்போது அடுத்ததைச் சுட்டு, பேரல் உப்பியதன் அடையாளம் அது.

ஆட்டினால் கேட்க வேண்டிய சத்தம்

மகரோவைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்று யாராவது என்னைக் கட்டுப்படுத்தினால் இதைத்தான் சொல்வேன். தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசிதான் ஃபயரிங் பின். மகரோவில் அதற்கு, பின்னால் இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் கிடையாது. ஸ்லைடுக்குள் தன் போக்கில் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருக்கும். கிடங்கில் வைக்கும்போது துருப்பிடிக்காமல் இருக்கத் தடித்த கிரீஸ் பூசுவார்கள். ஆண்டுக்கணக்கில் அது மெழுகு போல் இறுகிவிடும். விற்பவர் வெளியே துடைத்துவிட்டு, உள்ளே இருப்பதை விட்டுவிடுவார். அந்த இறுகிய கிரீஸில் பின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்கினால், நீங்கள் ஸ்லைடை விட்டவுடன், விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்கும். அடுத்தது தானாக ஏறி அதுவும் வெடிக்கும். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் காலியாகும்வரை நிற்காமல் போகவும் வாய்ப்பு உண்டு.

சோதிப்பது எளிது. ஸ்லைடைத் தனியாகக் கழற்றிக் காதருகே பிடித்து ஆட்டுங்கள். உள்ளே பின் ‘கடகட’ என்று ஆடும் சத்தம் கேட்க வேண்டும். சத்தம் இல்லை என்றால் அந்தப் பிஸ்டலில் தோட்டாவே ஏற்றக் கூடாது. முழுதாகப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பின் ஓடும் துளையைச் சுத்தம் செய்தபின் மறுபடி ஆட்டிப் பாருங்கள். அந்தத் துளைக்குள் எண்ணெய் விடாதீர்கள், உலர்ந்தே இருக்கட்டும்.

அடுத்தது பென்சில் சோதனை. மேகசினை எடுத்துவிட்டு, அறை காலி என்று கண்ணாலும் சுண்டு விரலாலும் இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, பிஸ்டலை மேல்நோக்கிப் பிடியுங்கள். கட்டைப் பென்சில் ஒன்றை, ரப்பர் உள்பக்கம் இருக்கும்படி பேரலுக்குள் விடுங்கள். முகத்தை விலக்கிக்கொண்டு விசையை இழுத்தால் பென்சில் துள்ளி எழ வேண்டும். பிறகு, ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, விசையைத் தொடாமல் சேஃப்டியை மேலே தள்ளுங்கள். சுத்தியல் இறங்கும், ஆனால் பென்சில் அசையக் கூடாது. அசைந்தால் சேஃப்டி என்ற பெயரில் உங்களிடம் இருப்பது இன்னொரு விசை. அப்புறம், நிறுத்திய சுத்தியலைப் பின்னாலிருந்து கட்டை விரலால் முன்னுக்கு அழுத்திப் பாருங்கள். அது வழுக்கி விழுந்தாலும் வேண்டாம்.

ஸ்பிரிங்கைச் சோதித்து நேரம் வீணாக்க வேண்டியதில்லை. பேரலைச் சுற்றி இருக்கும் ஸ்பிரிங்கை வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள், எத்தனை முறை சுட்டது என்று யாருக்கும் தெரியாது. பூட்டில்லாத பிஸ்டலில் அது தளர்ந்தால் ஸ்லைடு ஒவ்வொரு முறையும் சட்டகத்தில் மோதும். மேகசினில் தோட்டாவைப் பிடிக்கும் இரண்டு உதடுகளும் வளையாமல் விரியாமல் இருக்க வேண்டும். சிக்கல் என்று என்னிடம் வரும் பிஸ்டல்களில் பலவற்றுக்கு மேகசினை மாற்றினாலே சரியாகிவிடுகிறது.

அந்த 200 இலவசத் தோட்டாக்கள்

இதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். காரணம் சொல்கிறேன். கிழக்கு ஐரோப்பிய ராணுவத் தோட்டாக்களின் அடிப்பகுதியில் பெரும்பாலும் ஆலை எண்ணும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும்தான் இருக்கும். காலிபர் இருக்காது. பொட்டலம் பிரித்ததென்றால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 1990-களையொட்டி மகரோவை மேம்படுத்தி பி.எம்.எம். என்று ஒன்று செய்தார்கள். அதற்கென்று வெடிமருந்து கூட்டிய தோட்டாவும் வந்தது. கூட்டின் அளவு அதே 9×18 என்பதால் உங்கள் பழைய பிஸ்டலிலும் தாராளமாக ஏறும். ஏறுகிறது என்பதற்காகச் சுட்டால் ஸ்லைடு தாங்காது. குண்டின் மூக்கு உருண்டையாக இல்லாமல் கூம்பு போல இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். ‘அதிக சக்தி’ என்று அட்டையில் போட்டு விற்கும் எதுவும் இந்தப் பிஸ்டலுக்கு வேண்டாம்.

பிரைமர், அதாவது பின் குத்தியதும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் தோட்டாவின் அடிப்பகுதிச் சிறு மூடி, இன்னொரு கவலை. பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடு ஆகி, நம் சமையல் உப்பைப் போன்ற உப்பாகப் பேரலுக்குள் படியும். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரமான பருவத்தில் ஒரே இரவில் துரு ஏறிவிடும். நீங்கள் .22-க்குச் செய்வது போல எண்ணெய்த் துணியால் துடைத்தால் உப்பு போகாது, எண்ணெய்க்கு அடியில் அப்படியே உட்கார்ந்திருக்கும். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். என்றாவது அப்படிப்பட்ட தோட்டாவைச் சுட நேர்ந்தால், அன்றைக்கே பிரித்து, வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன்பிறகு எண்ணெய் பூசுங்கள். பழைய பேரல்களில் நான் பார்க்கும் அரிப்புக்கெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு சோம்பல்தான் காரணம்.

சரி, எதை வாங்குவது? நீங்கள் இலக்குப் பலகைக்குச் சுடுபவர். புதிதாகத் தயாரித்த, அட்டையில் ‘9×18 மகரோவ்’ என்று தெளிவாக எழுதிய, அரிக்காத பிரைமர் போட்ட, முழுதும் உலோக உறை போர்த்திய உருண்டை மூக்குக் குண்டு. எடை 6 கிராமை ஒட்டி இருக்கும், இந்தப் பிஸ்டலைச் செய்தவர்கள் மனத்தில் வைத்திருந்ததும் அதுதான். மூக்கில் குழி உள்ள குண்டுகள் பழைய மகரோவில் மேகசினிலிருந்து அறைக்குப் போகும் சரிவில் ஏறும்போது முட்டி நிற்பதுண்டு. உங்கள் தேவைக்கு அது அவசியமும் இல்லை. இரும்புக் கூட்டுத் தோட்டா மகரோவுக்கு ஆகும், ஆனால் குண்டின் உறையிலும் இரும்பு இருந்தால் சில மன்றங்கள் சுட அனுமதிப்பதில்லை. வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், காந்தம் வைத்துப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம்.

முதல் நாள் மன்றத்தில் மேகசினை நிரப்பாதீர்கள். ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். பிறகு இரண்டு. ஒரு முறை இழுத்து இரண்டும் வெடித்தால் அங்கேயே நிறுத்திவிடலாம், எட்டு போட்டிருந்தால் நிலைமை வேறு. சுட்ட கூட்டை எடுத்துப் பாருங்கள், உப்பியிருக்கிறதா, வாய் பிளந்திருக்கிறதா, பிரைமரில் விழுந்த குறி நடுவில் இருக்கிறதா என்று. சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது, குண்டு பேரலில் நின்றிருக்கும். விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் பலகையை நோக்கியே அரை நிமிடமாவது பிடித்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம்.

கட்டில் அருகே

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். மகரோவின் சேஃப்டி, ஸ்லைடின் இடது பக்கம் வெளியே தெரியும் ஒரு சிறு நெம்புகோல். கட்டை விரலால் கீழே தள்ளினால் விலகிவிடும். 9 வயதுப் பையனுக்கு அது விளையாட்டுப் பொருளின் சுவிட்ச் மாதிரி. அதற்குப் பிறகு சுத்தியலை இழுக்கக்கூட வேண்டியதில்லை, விசையை முழுதாக இழுத்தாலே சுடும். விசை கனம், சிறுவனால் முடியாது என்று சொல்வார்கள். இரண்டு கை விரல்களால் இழுத்தால் முடியும். சேஃப்டி, தெரிந்து கையாள்பவரின் கைத்தவறுக்குத் துணை. குழந்தையிடமிருந்து காப்பது பூட்டு மட்டும்தான்.

தோட்டா இல்லாத பிஸ்டல் ஒரு இரும்புப் பெட்டியில், தோட்டாக்கள் வேறு பூட்டில், இரண்டு சாவியும் உங்கள் உடம்போடு. தற்காப்பு என்ற எண்ணம் உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால் அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். உங்கள் உரிமம் எந்த நோக்கத்துக்குத் தரப்பட்டது என்பதிலிருந்து அது தொடங்கும். விளையாட்டுக்கென்று வாங்கிய உரிமத்தில் வீட்டில் தோட்டா ஏற்றி வைப்பதை எத்தனையோ நாடுகளில் சட்டம் மன்னிப்பதில்லை.

உரிமத்தைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. .22-க்கு உரிமம் இருப்பதால் மகரோவும் வாங்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பல இடங்களில் ஒவ்வொரு ஆயுதத்தையும் அதன் காலிபரையும் எண்ணையும் தனித்தனியே பதிய வேண்டும், தோட்டாவுக்கும் அளவு உண்டு. “எடுத்துப் போய் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், காகிதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று விற்பவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த ஒரு வாரத்தில் சிக்கிக்கொள்வது அவர் அல்ல, நீங்கள். உரிமம் வழங்கும் அலுவலகத்தில் முதலில் எழுத்தில் கேட்டு, பதிவு முடிந்தபிறகு பிஸ்டலைக் கையில் வாங்குங்கள்.

என் யோசனை

விற்பவர் பழுதுபார்ப்பவரிடம் காட்டச் சம்மதித்தால், பேரலும் எண்களும் சரியாக இருந்தால், வாங்குங்கள். ஸ்பிரிங் செலவையும் சுத்தம் செய்யும் கூலியையும் விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள், நியாயமான கேள்விதான். தோட்டாக்களை அவரிடமே விட்டுவிடுங்கள். காட்டச் சம்மதிக்காவிட்டால் அந்தப் பிஸ்டல் வேண்டாம், மகரோவ் இன்னும் எத்தனையோ சந்தைக்கு வரும். 9×18 தோட்டா உங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைக்காது என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது: பூட்டு அமைப்புள்ள 9×19 பிஸ்டல் ஒன்றைப் புதிதாக வாங்குவது. வரலாறு இருக்காது, ஆனால் வாரம் தவறாமல் பயிற்சி செய்யலாம். அடிக்கடி சுடுவதுதான் உங்கள் விருப்பம் என்றால் நான் அதையே பரிந்துரைப்பேன். கடிதத்தைப் பார்த்தால் உங்களை இழுப்பது அந்தப் பழைய இரும்பு என்று தோன்றுகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

போய்ப் பார்த்துவிட்டு வந்தபின், பேரலிலும் சட்டகத்திலும் என்னென்ன பொறித்திருந்தன, ஸ்லைடை ஆட்டியபோது சத்தம் வந்ததா என்று எழுதுங்கள். வரிசை எண்ணை மட்டும் கடிதத்தில் எழுத வேண்டாம்.